கிரீம் அக்காவின் எலும்பு

எங்கள் பேக்கரியில் கேக்குக்குக் கிரீம் பூசுவது என் அக்காதான். அதனால் வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் அவள் கிரீம் அக்கா. நான் கல்லாவில் உட்காருகிற தம்பி. எனக்கு ஒரு பட்டப்பெயர் வைக்கக்கூட எவனுக்கும் தோன்றவில்லை.

அறுபது தாண்டி ஆறேழு வருஷம் ஆன பிறகு, ஒரு நாள் காலையில் அவள் தச்சரைக் கூப்பிட்டுச் சண்டை பிடித்தாள். கடைக்கு வெள்ளையடித்தபோது அலமாரியைக் கழற்றி மாட்டியவர் அவர். உயரத்தில் மாட்டிவிட்டாராம், மேல் தட்டில் இருக்கும் கேக் அச்சு கைக்கு எட்டவில்லையாம். நானும் சேர்ந்துகொண்டு அவரைக் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சினேன். அவர் பழைய ஆணித் துளைகளைக் காட்டினார். அலமாரி இருந்த இடத்தில்தான் இருந்தது, அக்காதான் குள்ளமாகியிருந்தாள். தச்சருக்கு டீயும் பன்னும் கொடுத்து அனுப்பிவிட்டு டாக்டரிடம் போனோம்.

ஸ்கேனில் எலும்புப்புரை என்று தெரிந்தது. எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கிறது, ஆனால் முதுகெலும்பில் உடைவு ஏதுமில்லை, குள்ளமானது வயதில் முதுகு கூனியதால்தான் என்றார் டாக்டர். வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது அக்காவுக்கு நெஞ்செரிச்சலைத்தான் தந்தது, இரண்டாவது வாரமும் அப்படியே. ஊசி இருக்கிறது என்றார். அக்கா முகத்தைச் சுளித்தாள். இப்போதைக்கு ஆபத்து பெரிதாக இல்லாததால், ஒரு வருஷம் சாப்பாடு, பயிற்சி என்று முயன்று பார்க்கலாம், அடர்த்தி மேலும் குறைந்தால் ஊசிதான், அப்போது பேச்சே கிடையாது என்று டாக்டர் இறங்கி வந்தார்.

அக்கா மகள் அதற்கு மேல் ஒரு நிபந்தனை போட்டாள். அடர்த்தி குறைந்தால் கடைக்கு முழுக்குப் போட்டுவிட்டுத் தன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து படுத்தவள், எழுந்திருக்கவேயில்லை. அக்காவும் அப்படிப் படுத்துவிடுவாளோ என்று நானும் பயந்தேன்.

அதற்குப் பிறகு கடையே சேர்ந்து அடித்த கூத்தைச் சொல்ல வேண்டும். அக்காவை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினோம். மெத்தை போட்ட நாற்காலி வந்தது. அடுப்புக்காரர் தட்டுகளை அவள் மேசைக்கே கொண்டுவந்து வைத்தார். அவள் சர்க்கரை டப்பாவில் கை வைத்தால் ரெண்டு பேர் ஓடி வருவார்கள். அவளும் காலையிலிருந்து சாயங்காலம் வரை முதுகை வளைத்து உட்கார்ந்தபடி கிரீம் பூசினாள். கொஞ்ச நாளில் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே மேசையைப் பிடிக்க ஆரம்பித்தாள். சுள்ளென்று கோபம் வேறு.

பிசியோதெரபி செய்கிற பெண்ணிடம் டாக்டர் அனுப்பியபோது நானும் கூடப் போனேன். அக்கா என்னென்ன தூக்குகிறாள் என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஒரு கரண்டியைக்கூடத் தூக்க விடறதில்லம்மா," என்றேன் பெருமையாக.

"எலும்புக்கு வேலையே குடுக்கலன்னா, அது எதுக்கு சார் உறுதியா இருக்கணும்?" என்றாள்.

அக்கா லாட்டரி விழுந்த மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாளே நாற்காலி போனது. மேசையை உயர்த்தி, அவள் நிமிர்ந்து நின்று பூசும்படி செய்தோம். முழங்காலை மடக்கி, தட்டை நெஞ்சோடு அணைத்துத் தூக்கப் பழகினாள். முதலில் ரஸ்க் தட்டு, பிறகு பன் தட்டு, மாதங்கள் கழித்து ரொட்டித் தட்டு. கேக் வேகும் நேரத்தில் மேசையோரம் பிடித்து ஒற்றைக் காலில் நிற்பாள். வாடிக்கைக்காரர்கள் எட்டிப் பார்த்தால், "காத்திருக்கேன், வேற ஒண்ணுமில்ல," என்பாள். பக்கத்துத் தெரு ஆர்டர்களை வெயிலில் நடந்தே போய்க் கொடுத்தாள். பால், தயிர், முட்டை, எள், கீரை என்று சாப்பாடு மாறியது. ரத்தத்தில் வைட்டமின் டி குறைவென்று தெரிந்ததால் அதற்கொரு சத்து மாத்திரை. காபியைக் குறைக்கச் சொன்னபோது மட்டும் டாக்டரின் பரம்பரையையே திட்டினாள், ஆனால் குறைத்தாள். வழுக்காத செருப்பு வாங்கினோம்.

அந்தச் செருப்போடுதான் விழுந்தாள். வருஷ முடிவு ஸ்கேனுக்குச் சில நாட்களே இருந்தன. யாரோ சிந்திய வெண்ணெயில் கால் வழுக்கிப் பக்கவாட்டில் சாய்ந்தாள், தட்டு ஒருபுறம் பறந்தது. எனக்கு அம்மா விழுந்த சத்தம்தான் காதில் கேட்டது. தூக்க ஓடி வந்த அடுப்புக்காரரை அக்கா தடுத்தாள்.

"யாரும் இழுக்காதீங்க. எங்க வலிக்குதுன்னு பாக்கறேன்."

காலை நீட்டினாள், மடக்கினாள். பெரிதாக வலிக்கவில்லை என்று தெரிந்ததும் புரண்டு, முழங்காலில் நின்று, மேசைக் காலைப் பிடித்து எழுந்தாள். அந்த பிசியோதெரபிப் பெண் இதைக்கூடச் சொல்லிக் கொடுத்திருந்தாள் போலிருக்கிறது.

அக்கா மகள் அழுதுகொண்டே மருத்துவமனைக்கு வந்தாள். எக்ஸ்ரேயில் விரிசல்கூட இல்லை, இடுப்பில் கன்றிப்போனதோடு சரி. வந்ததுதான் வந்தோம் என்று ஸ்கேனையும் அன்றே எடுத்தார்கள். நாங்கள் மூவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

டாக்டர் கூப்பிட்டார். அடர்த்தி குறையவில்லை, போன வருஷம் இருந்த அளவிலேயே நிற்கிறது என்றார். கூடவில்லையா என்று கேட்டேன். இந்த வயதில் குறையாமல் நிற்பதே பெரிய விஷயம், இதையே தொடருங்கள், ஆனால் தவறாமல் வந்து காட்டிவிட வேண்டும் என்றார். என் வயிற்றில் பால் வார்த்தார் மனிதர். கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

வெளியே வந்தோம். அக்காவின் கனத்த பையை வழக்கம்போல அவள் மகள்தான் சுமந்துகொண்டு வந்தாள். வாசற்படியில் நின்றாள். பிறகு பையைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினாள்.

"நீயே தூக்கிக்கம்மா."

அக்கா அதை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நேராகப் படியிறங்கினாள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.