ஒரு காலி பைட்டும் முத்துலட்சுமியின் கையும்

1. வாடிக்கையாளர் தணிக்கைக்கு முன், பில்டு திரையில் மஞ்சள் வரிகள் தெரியக் கூடாதென்று நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரின் அட்ரிப்யூட் எச்சரிக்கைகளை அணைத்தேன்.
2. தணிக்கை முடிந்த பிறகு அவற்றைத் திரும்பப் போட மறந்தேன்.
3. அடுத்த வாரம், நிரலில் கம்பைலருக்குக் குறிப்புச் சொல்லும் அட்ரிப்யூட்களின் பழைய எழுத்துமுறையை எடுத்துவிட்டு, இரட்டைச் சதுர அடைப்புக்குறி போடும் புதிய முறைக்கு மாற்றினேன்.
4. மறுநாள் முதல் ஷிஃப்டில், லைன் கடைசியில் உள்ள டெஸ்டரில் எல்லா போர்டும் சிவப்பு.
5. எட்டரை மணிக்கே காரணம் கிடைத்துவிட்டது: டெஸ்டர் ஆபரேட்டர் முத்துலட்சுமி.

ஐந்தாவது பொய். முதல் மூன்றும் நான் செய்தவை. ஆனால் காரணம் அவைதான் என்று அன்று காலை எனக்கும் தெரியாது.

ஒரகடத்தில் கார் கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் போர்டு செய்கிறோம். அதற்குள் ஓடும் மென்பொருள் என் வேலை. நான் லைனுக்குப் போனபோது சூப்பர்வைசர் கையில் பழுதின் மூலகாரணம் எழுதும் ரிப்போர்ட் தாள் இருந்தது.

"இந்தப் பொண்ணு கனெக்டர ஒழுங்கா அழுத்தல மேடம். ரூட் காஸ்ல ஆபரேட்டர்னு எழுதிகினு, இவள பேக்கிங்குக்கு அனுப்பிடறேன்."

"ரெண்டு வருஷமா இதே கையாலதான அழுத்துதேன்? நேத்து ராத்திரி கைய மாத்திட்டு வந்தேனாக்கும்," என்றாள் முத்துலட்சுமி. தென்காசிப் பக்கத்துப் பெண். என்னிடம் திரும்பினாள். "காலைல மாஸ்டர் பீஸ் ரெண்டும் மாட்டுனேம்லா மேடம். நல்ல பீஸு பச்ச, கெட்ட பீஸு செவப்பு. எங் கையி சரியில்லன்னா நல்ல பீஸும்லா செவப்பு காட்டணும்?"

"வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ," என்றார் சூப்பர்வைசர். ஆனாலும் பேனாவை மூடினார். மதியம் வரை நேரம் கேட்டு வாங்கினேன்.

போர்டு டெஸ்டருக்கு அனுப்பும் செய்தியின் நீளம் பதினொரு பைட். அன்று பன்னிரண்டு வந்தது. முதல் பைட்டுக்குப் பின் ஒரு காலி பைட். இடைவெளி விடாதே என்று சொல்லும் 'பேக்டு' அட்ரிப்யூட் வேலை செய்யவில்லை. கம்பைலர் ஆவணத்தைத் திறந்தேன். உதாரணங்கள் அனைத்தும் பழைய முறையில். புதிய முறையும் ஏற்கப்படும் என்று ஒரே ஒரு வரி. எந்த இடத்தில் எழுத வேண்டும் என்பது இல்லை.

அப்போதுதான் முத்துலட்சுமி சொன்னது உறைத்தது. டெஸ்டரை நம்பும் முன் அவள், நல்லது, கெட்டது என்று முன்பே தெரிந்த இரண்டு மாஸ்டர் பீஸ் மாட்டிப் பார்க்கிறாள். நான் கம்பைலரை எதையும் மாட்டாமலே நம்பியிருந்தேன். அட்ரிப்யூட் வரக்கூடிய ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சிறு சோதனைக் கோப்பு எழுதி, எச்சரிக்கைகளைத் திரும்பப் போட்டு ஓட்டினேன். பழைய முறையில், செய்தியின் அமைப்பை வரையறுக்கும் ஸ்ட்ரக்டின் இறுதி அடைப்புக்குறிக்குப் பின் எழுதினால் செல்லும். புதிய முறையில் ஸ்ட்ரக்ட் என்ற சொல்லுக்கு அடுத்தே வர வேண்டும். வேறிடத்தில் எழுதினால் கம்பைலர் ஓர் எச்சரிக்கை கொடுத்துவிட்டு அதைப் புறக்கணித்துவிடும். நான் பழைய இடத்திலேயே எழுதியிருந்தேன்; அந்த எச்சரிக்கையைத்தான் அணைத்தும் வைத்திருந்தேன்.

இடத்தை மாற்றி எழுதி, பன்னிரண்டரைக்குப் புதிய பில்டு ஏற்றினோம். பச்சை.

"அப்ப ரூட் காஸ் இன்னான்னு எழுதறது?" என்றார் சூப்பர்வைசர்.

"என் பேரை எழுதுங்க சார்."

"மெய்யாலுமா?"

"மென்பொருள்னு மட்டும் போட்டா யாருன்னு திரும்பக் கேப்பாங்க."

கம்பைலர் நிறுவனத்துக்கு அந்தக் கோப்புகளை அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. ஆவணம் இன்னும் மாறவில்லை. இங்கே ஒவ்வொரு பில்டுக்கும் முன் அந்தச் சோதனைக் கோப்புகள் ஓடுகின்றன. அவை தேறாமல் எந்த மென்பொருளும் லைனுக்குப் போவதில்லை. தணிக்கைக்கு வருபவர்களுக்கு இப்போது அந்தச் சோதனையைத்தான் முதலில் காட்டுகிறோம். முத்துலட்சுமி டெஸ்டரில் இருக்கிறாள்.