பெஞ்சில் மறு பாதி

நெய்வேலி டவுன்ஷிப் பிளாக்குகளில் குப்பை அள்ளும் காண்ட்ராக்ட் வேலை மலர்கொடிக்கு. வேலை முடிந்து வடலூர் பஸ்ஸுக்காக அவள் நிற்கும் நிறுத்தத்தில், போன மாதம் வாசகர் வட்டத்துக்காரர்கள் ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். பெரிய எழுத்தாளர் ஒருவர் முன்பு நெய்வேலிக்கு வந்தபோது, பஸ்ஸைத் தவறவிட்டு, அங்கேதான் உட்கார்ந்து வருவோர் போவோரிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். அன்று யாரோ எடுத்த புகைப்படத்தைப் பார்த்துச் செய்த சிலையாம். பெஞ்சில் பாதி அவருக்கு. மறு பாதி காலி. அந்தக் காலி இடத்தில் ஊரே உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டது.

மலர்கொடி மட்டும் உட்காரவில்லை. அந்த இடத்துக்கு அவளை ஒருமுறை அவரே கூப்பிட்டிருக்கிறார்.

அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மைன்ஸில் கூலி வேலை பார்த்த அப்பாவுக்குச் சோறு கொடுத்துவிட்டு, காலித் தூக்கோடு இதே நிறுத்தத்தில் நின்றிருந்தாள். பெஞ்சில் இருந்தவர் துண்டை மடியில் இழுத்துக்கொண்டு நகர்ந்தார்.

"உக்காரும்மா. பஸ் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டிருப்போம். எத்தனாவது படிக்கிற?"

பாவாடையில் சேறு காய்ந்திருந்தது. அவரோ பெரிய மனிதர். தூக்கை இறுக்கிப் பிடித்தபடி அவர் எதிரிலேயே நின்றாள். அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். பஸ் வந்ததும் ஓடி ஏறிவிட்டாள்.

பிறகு கல்யாணம், பிள்ளைகள், மைன்ஸுக்கு நிலம் போனது, வேலை. எழுத்தாளரும் காலமாகிவிட்டார். ஆனால் பாத்திரம் துலக்கும்போதெல்லாம் அவரிடம் அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். பள்ளியை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லியிருந்தால் அவர் அடுத்து என்ன கேட்டிருப்பார்? நகர்ந்து இடம் விட்டு, பேசலாம் வா என்று அவளை அழைத்தவர்கள் அதற்குப் பின் ஒருவருமில்லை.

கூட வேலை செய்யும் கனகம் கேட்டாள்.

"ஏண்டி, டெய்லி மொறைச்சி மொறைச்சிப் பாத்துகினு நிக்கிற. போயி ஒக்காந்துதான் பாரேன். செலை என்னா கடிச்சிடவா போவுது?"

"பொடவையெல்லாம் குப்பை நாத்தம்க்கா."

"செலைக்கு மூக்கு வேலை செய்யுதுன்னு எவ சொன்னா ஒனக்கு?"

மறுநாள் மதியம் வெயிலில் நிறுத்தம் வெறிச்சோடிக் கிடந்தது. கனகம் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். மலர்கொடி முந்தானையால் இடத்தைத் துடைத்து, நுனியில் உட்கார்ந்தாள். பெஞ்சு சுட்டது. மெதுவாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. முகத்தைச் சற்றே நிமிர்த்தி, எதிரே யாரோ நிற்பதைப் போல வெறும் இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எழுந்து போய் அந்த இடத்தில் நின்றாள். பார்வை அவள் கழுத்தோடு நின்றுவிட்டது. முழங்காலைக் கொஞ்சம் மடக்கினாள், இன்னும் கொஞ்சம். பன்னிரண்டு வயது உயரத்துக்கு இறங்கியபோது இருவர் கண்ணும் நேருக்கு நேர் வந்தன.

"ஏழாவதோட நிறுத்திட்டாங்க," என்றாள்.

"ஏண்டி, செலையப் போயி கும்புட்டுகினு இருக்கிற?" குடத்தோடு வந்த கனகம் சிரித்தாள். "பஸ்ஸு வருது பாரு."

"நீ போக்கா," என்றாள் மலர்கொடி, நிமிராமல். "நான் பேசிகினு இருக்கிறேன்."