பங்க்கில் நின்று தேய்த்த தள்ளுபடி

என் கிரெடிட் கார்டுக்கு வருஷக் கட்டணம் தள்ளுபடி ஆக வேண்டுமானால், வருஷத்துக்குள் ஒரு லட்சம் செலவு செய்திருக்க வேண்டும். இன்றைக்குத்தான் கடைசி நாள். இன்னும் நாலாயிரம் குறைவாக இருந்தது.

அவ்வளவு செலவு செய்ய என்னிடம் ஏது காசு? காலையிலேயே செஞ்சி பெட்ரோல் பங்க்கில் போய் நின்றுகொண்டேன். தெரிந்த முகமாக வந்தவர்களிடமெல்லாம், "காசை என்கிட்ட குடுங்க, கார்டுல நான் தேய்க்கிறேன்" என்றேன்.

டிராக்டரில் வந்த தளவானூர்க்காரர், "இன்னாண்ணா, பங்க்ல வேலைக்கு சேந்துட்டியா?" என்றார்.

"இல்லப்பா, கார்டுக்குத் தள்ளுபடி வேணும்."

"அதுக்கு இன்னாத்துக்கு செலவு பண்ற? நாங்க பயிர்க்கடனைக் கட்டாம சும்மா குந்தினு இருந்தோம். தானா தள்ளுபடி ஆவல?"

சிரித்துக்கொண்டே டீசல் காசை என் கையில் கொடுத்தார். மதியத்துக்குள் நாலாயிரமும் தேய்த்தாகிவிட்டது.

கோட்டையைப் பிடித்தவன் மாதிரி வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் போனில் கார்டு விதிகளைப் பார்த்துவிட்டு, "நைனா, பெட்ரோல், டீசல் போட்டதெல்லாம் இந்தக் கணக்குல சேராது" என்றாள்.

கடைகள் மூட இன்னும் நேரம் இருக்கிறது. இன்றைக்கு யாராவது மிக்ஸி, கிரைண்டர் வாங்குவதாக இருந்தால் கீழே சொல்லுங்கள், கார்டோடு ஓடி வருகிறேன்.

தளவானூர்க்காரர் மட்டும் தயவுசெய்து பதில் போட வேண்டாம்.