வலி நின்ற மாலை

பேரனின் கையில் மாவுக்கட்டிட்ட மருத்துவர், விரல்நுனியை அழுத்தி, ரத்தம் ஓடிச் சிவப்பு திரும்புகிறதா என்று நோக்கினார். என் நெஞ்சு பழைய ஆவடி வீட்டில் நின்றது.

அன்று தங்கையின் முறிந்த முன்கையை நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டியிருந்தார். காலைமுதல் கதறியவள் மாலையில் ஓய்ந்தாள்.

"கட்டு புட்ச்சிகிச்சு!" என்று அன்னை மகிழ்ந்தார்.

தங்கையின் விரல்களைத் தொட்டேன். நீலம் பாரித்துக் குளிர்ந்திருந்தன.

"நைனா, கிள்ளுனாகூட தெர்லயாம். அவுத்துடலாம்."

"அவுத்தா கை கோணிக்கும். கம்முனு கெட!" என்றார் தந்தை.

அவர் வெளியேறியதும் கட்டைக் கத்தரித்தேன். சிறிது நேரத்தில் தங்கை வலியால் வீறிட்டாள். அதன்பின்னரே எனக்கு மூச்சு வந்தது.

இப்போது அம்பத்தூர் வீட்டில் பேரன் உறங்குகிறான். அடிக்கடி அவன் விரலைக் கிள்ளுகிறேன்.

"இன்னா தாத்தா, கிள்ளிகினே கீற!" என்று அவன் சீறும்வரை என் அச்சம் தணிவதில்லை.