மெயினருவி வீரபாகுவும் தலைச்சூடும்

குற்றாலம் மெயினருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களில் வாய் ஓயாதவர் வீரபாகு. இருபத்தைந்து வருஷமாக ஊரார் தலையில் எண்ணெய் வைத்த கை. தொட்டாலே மண்டைக்குள் இருப்பது தெரிந்துவிடும் என்பார். யாரும் கேட்க மாட்டார்கள், ஆனாலும் சொல்வார்.

மனசு சரியில்லாதவர்களை அருவியில் நிறுத்தினால் தெளிந்துவிடும் என்று வெளியூரிலிருந்து கூட்டிவருவது பழைய வழக்கம். வீரபாகு எல்லாருக்கும் ஒரே சீக்குதான் வைத்திருந்தார்: தலைச்சூடு. வந்தவன் அழுதாலும் சூடு, சிரித்தாலும் சூடு. மருந்து, கால் லிட்டர் நல்லெண்ணெய்.

மூன்று சாரல் சீசனுக்கு முன்னால், தென்காசி மனநல மருத்துவர் அஹ்சன் அவரிடம் முதுகைக் கொடுத்துக் கிடந்தபோது இந்தச் சூட்டுக் கதையைக் கேட்டார். பொறுக்க முடியாமல் குப்புறப் படுத்தபடியே பாடம் எடுத்துவிட்டார். அவர் எழுந்து போகும்போது வீரபாகு பாதி டாக்டர்.

சீக்குப் பட்டியல் மனப்பாடம். நெஞ்சு படபடத்து, இப்பவே சாகப்போகிறோம் என்று வேர்த்து, சோதித்தால் இதயம் கல்லுக்குண்டாக இருந்தால் அது பதற்ற நோய். பூட்டியது தெரிந்தும் பத்து தடவை பூட்டை இழுத்துப் பார்க்கவைப்பது எண்ணச் சுழற்சி நோய். ஒரு மாசம் தூங்காமல் ராஜாவாகத் திரிந்து கடைத்தெருவையே விலைபேசிவிட்டு, அடுத்த மாசம் பாயைவிட்டு எழாவிட்டால் இருதுருவ நோய். இல்லாத குரல் காதில் கேட்பதும், ஊரே வேவு பார்ப்பதாக நம்புவதும் மனச்சிதைவு. எதுவும் பிடிக்காமல், தூக்கம் கெட்டு, கைவேலை ஓடாமல் இரண்டு வாரத்துக்கு மேல் கிடந்தால் மனச்சோர்வு.

"எதுவும் பேயில்ல, திமிருமில்ல. சீக்கு. மருந்து இருக்கு, பேச்சு வைத்தியம் இருக்கு" என்று முடிப்பார்.

அப்புறம் யாரையும் விடவில்லை. பரோட்டா மாஸ்டர் பாடிக்கொண்டே மாவை வீசினால் இருதுருவம். குரங்குக்குக்கூடப் பதற்ற நோய் என்று சொன்னதாகக் கேள்வி. ஆனால் நல்லதும் செய்தார். வியாழக்கிழமை தோறும் யாரையாவது டாக்டரிடம் கையோடு கூட்டிப்போவார்.

வீட்டிலும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் இதே பேச்சுதான். மனைவி உமாராணி பீடி சுற்றிக்கொண்டே கேட்பாள். சித்திரையிலிருந்து பீடி இலைச் சுளகு அவள் மடியில் சும்மா இருந்தது. இலை காய்ந்தது, குழம்பில் உப்பு மறந்தது. "எனக்கு ஒண்ணுமே பிடிக்கலங்க" என்றாள் ஒருநாள்.

"எல்லாம் வெயிலுதான்ட்டி. தலைச்சூடு" என்றார் அரை டாக்டர். எண்ணெயைச் சூடுபண்ணி உச்சியில் வைத்துத் தேய்த்தார். பாசமாகத்தான் தேய்த்தார், அதையும் சொல்லியாக வேண்டும். இன்னொரு நாள், "இருந்துதான் என்ன ஆகப்போவுதுன்னு தோணுது" என்றாள். "வாயக் கழுவு" என்று அதட்டிவிட்டு, மறுபடியும் எண்ணெயை எடுத்தார்.

ஆடி மாசம் ஒரு வியாழக்கிழமை. வளைகுடாவிலிருந்து திரும்பி, தோல் உரிய உரியக் கை கழுவிக்கொண்டிருந்த அல்தாப் என்கிற பையனைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார். "பயப்படாதீக தம்பி, இது எண்ணச் சுழற்சி" என்று சத்தமாக விளக்கிக்கொண்டே வந்தவர் பெஞ்சைப் பார்த்து நின்றார். டோக்கனும் கையுமாக உமாராணி.

"ஏட்டி, இங்கன என்ன பண்ணுத? யாருக்குச் சீக்கு?"

"எனக்குத்தான்."

"உனக்கு என்ன?"

"தூக்கமில்ல. ருசியில்ல. பீடி சுத்த கை வரல. ரெண்டு வாரத்துக்கு மேலன்னா போகணும்னு நீங்கதான தெனமும் சொல்லுவிய. எனக்கு மூணு மாசம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். எண்ணெ தேச்சுவிட்டிய."

ஊரான் மண்டையெல்லாம் படித்த கை, இரண்டு தடவை இவள் தலையைத் தேய்த்தும் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை. வீரபாகுவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இவள் தானாக பஸ் ஏறி வராமல் இருந்திருந்தால் என்று நினைக்கப் பயமாக இருந்தது.

நர்ஸ் வெளியே வந்து பெயரைக் கூப்பிட்டார். "உமாராணி, கூட யாராவது வந்திருக்காங்களா?"

வீரபாகு மனைவியைப் பார்த்தார். நானும் வரட்டுமா என்று கேட்கக்கூடத் துணிச்சல் வரவில்லை. அவள் டோக்கனை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க," என்றாள். "ஆனா உள்ள நான்தான் பேசுவேன்."