ஹம்மிங் பாடின குரல்

இண்டைக்கு இஞ்ச சுவிசில, டீட்டிகோன் மண்டபத்தில நடந்த இசை விழாவில என்ன நடந்தது எண்டு எல்லாரும் கேக்கிறியள். நானே சொல்லுறன்.

மேடையில நிண்ட அந்தத் தெலுங்கு இசையமைப்பாளருக்கு முதல்முதல் பேர் வாங்கிக் குடுத்த பாட்டில வாற ஹம்மிங் என்ர குரல். சுவிசுக்குக் கலியாணம் கட்டி வர முதல் சென்னையில பாடினது. படத்தில என்ர பேர் போடேல்லை. பேட்டியளிலயும் வேற ஒரு பெரிய பாடகியின்ர பேரைத்தான் சொல்லித் திரிஞ்சவர்.

இண்டைக்கு அவரோட வந்த பாடகிக்குத் தொண்டை கட்டிட்டுது. நான் பாடுவன் எண்டு தெரிஞ்ச விழாக்காரர் என்னை அவருக்கு முன்னால கொண்டுபோய் விட்டினம். அவருக்கு என்ர முகம் நினைவில்லை.

"அம்மா, அந்த ஹம்மிங் மட்டும் பாடித் தர முடியுமா?"

"ஓம் சேர். ஆனா அதைப் படத்தில பாடினது நான்தான். மைக்கில சொல்லவேணும்."

கொஞ்சம் முழிச்சார். "கண்டிப்பா சொல்றேம்மா."

மேடையில சொன்னது இதுதான்: "உங்க ஊர் பொண்ணு, முதல் தடவையா இந்தப் பாட்டைப் பாடப் போறாங்க!"

பாட்டில நான் பாடவேண்டிய இடம் வந்துது. நான் சிரிச்சுக்கொண்டு சும்மா நிண்டன். வாத்தியக்காரர் திருப்பி வாசிச்சினம். அப்பவும் வாய் திறக்கேல்லை. வேற வழியில்லாமல் அவரே பாட வெளிக்கிட்டார். மேல்ஸ்தாயியில குரல் கிழிஞ்சுது. சனம் சிரிச்சுது.

பேந்துதான் தலையைக் குனிஞ்சுகொண்டு சொன்னார்: "ஒரிஜினல்ல பாடினது இவங்கதான்."

அதுக்குப் பிறகு பாடினன். அவற்ற முகத்தைப் பாத்தபடி, முழுசா.

நான் செய்தது கூடிப்போச்சு எண்டு என்ர மனுசன் வீட்டில ஒரே பேச்சு. எனக்கெண்டா செய்தது காணாது போல கிடக்கு.

அவற்ற குரல் கிழிஞ்ச இடத்தை ஆரும் வீடியோ எடுத்தனியளோ?