வடக்கே தலை வைக்காதவர்

எழுபதுகளின் நடுவில், மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் என் பெரியப்பாவைச் சேர்த்திருந்தோம். பிள்ளை இல்லாத மனிதர். உப்பளத்து வெயிலில் கண் மங்கிப்போனவர். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்விட்டு, விபூதியோடு அவரைப் பார்க்கப் போவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கிருத்திகையும் சேர்ந்து வந்தது. பெரியப்பா விரதம். நான் போனபோது வேர்வையில் நனைந்து, கை நடுங்கக் கிடந்தார். என்னைப் பார்த்து, செத்துப்போன பெரியம்மா என்று நினைத்து, "மழை வருதுடி, உப்பு மேல ஓலை போடு" என்றார். பசி மயக்கமா, சாமி வந்திருக்கிறதா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நெற்றியில் விபூதியைப் பூசி, "முருகா, உயிரை மட்டும் குடு" என்று அழுதேன்.

நர்ஸ் சிஸ்டர் ஓடி வந்தார். நாடியைப் பிடித்தார், கட்டிலின் இரண்டு பக்கமும் பார்த்தார், உடனே சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் பெரியப்பா கண் விழித்து, "நீ எப்போ வந்தே?" என்றார்.

சர்க்கரை வியாதிக்கான மாத்திரையைத் தின்றிருக்கிறார். அவருக்கோ ரத்தக் கொதிப்பு மட்டும்தான். எப்படி?

முந்தின நாள்தான் கட்டில்களைத் திருப்பிப் போட்டிருந்தார்கள்; தலைமாடு எல்லாம் இப்போது வடக்குச் சுவர்ப் பக்கம். இரண்டு கட்டிலுக்கு நடுவில் ஒரு ஸ்டூல். அவரவர் வலது கைப் பக்கத்து ஸ்டூலில் சிஸ்டர் மாத்திரையை வைப்பார். வடக்கே தலை வைக்கக் கூடாதென்று பெரியப்பா தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிக்கொண்டார். அதனால் அவர் வலது கை நீட்டிய இடத்தில் இருந்தது பக்கத்துக் கட்டில்காரரின் ஸ்டூல். பெரியப்பாவின் மாத்திரை அவருக்கு இடது பக்கம் அப்படியே கிடந்தது. பக்கத்துக் கட்டில் பெரியவரோ, சிஸ்டர் இன்னும் வரவில்லை என்று காத்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா, மத்தவங்க மாதிரி திரும்பிப் படுங்களேன்," என்றார் சிஸ்டர்.

"உயிர் போனாலும் வடக்கே தலை வைக்க மாட்டேன்."

"அதான் போகப் பாத்துச்சே!"

யார் மேல் கோபப்படுவது? சிஸ்டர் வைத்த இடம் சரி. பெரியப்பா படுத்த திசையும் சரி. சாஸ்திரத்தை விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விடாதே என்று சொல்லவும் பயம்.

மறுநாள் பயத்தோடு மறுபடியும் போனேன். ஸ்டூலில் மாத்திரையே இல்லை. சிஸ்டர் ஒவ்வொருவரிடமும் நின்று, பேர் கேட்டு, கையில் கொடுத்து, விழுங்கும்வரை நகரவில்லை.

"பேரு தெரியாமயாம்மா இத்தினி நாளா குடுத்தே?" பெரியப்பாவுக்குக் கோபம்.

"தெரியும் தாத்தா. நீங்க சொல்லுங்க."

"சொல்லித் தொலைய்யா," என்றார் பக்கத்துக் கட்டில் பெரியவர். "இல்லன்னா இன்னிக்கு உன்னுதை நான் முழுங்கிடுவேன்."

பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார். கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்வதுபோலக் கைகூப்பி, பேரைச் சொல்லி, "ரோகிணி நட்சத்திரம்" என்றார்.

"நட்சத்திரம் வேணாம் தாத்தா. வாயைத் திறங்க."